கல்லைக் கண்டார்கள், நாயைக் காணவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம் என்று எழுதாமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கடை திறக்கிறேன், தூங்குகிறேன், இதில் முதல் இரண்டும் நிஜம். நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள், குழந்தைக்குச் சளி விட்டதா, நீ ஜில்லென்ற தரையில் வெறுங்காலோடு நடக்காமல் இருக்கிறாயா. நீ அனுப்பிய படத்தை அத்தை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, நெற்றி என்னுடையது, மூக்கு அம்மாவுடையது என்று பாகம் பிரித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு என்ன மிச்சம் என்று கேட்டேன், காது என்றாள். அத்தை வந்ததிலிருந்து அடுப்படி அவள் ஆட்சிதான். எனக்கு ரத்தக் கொதிப்பு என்று யார் சொன்னார்களோ, உப்பு டப்பாவை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்கு மூத்தவள் ஆயிற்றே, வாயைத் திறக்க முடியவில்லை.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. எதிரே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஊரில் உள்ள டயரெல்லாம் என் கடை வாசலில் வந்துதான் உயிரை விடுகிறது, பஞ்சர் ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசை. அம்மா வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்திலிருந்து அவளுடைய மேலங்கியையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். மேலங்கிப் பையில் ஒரு பால் பாட்டில் மூடியும், யார் தலையிலிருந்தோ கழன்ற கிளிப்பும் இருந்தன. அத்தை அதைச் சோப்புத் தண்ணீரில் போடப் போனாள், கையிலிருந்து பிடுங்கி அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டேன், அவளுக்கு என் மேல் இன்னும் வருத்தம். காப்பகத்தில் ஒரு வாண்டு இன்றைக்கும் மத்தியானம் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்து அம்மாவைக் கேட்கிறதாம். லீவில் போயிருக்காங்க என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடிய விஷயம். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. அம்மாவுக்கு உண்மையில் என்ன ஆச்சு என்று நீ கேட்கும்போதெல்லாம் பித்தப்பையில் கட்டி என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். நீ அதைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டாய், நானும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாய் வரை வருகிறது, திரையில் நீ குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்கிறாய், வந்தது அப்படியே உள்ளே போய்விடுகிறது. காகிதம் என் முகத்தைப் பார்க்காது, அதனால் இதில் சொல்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே. குழந்தை தூங்கும்போது உட்கார்ந்து படி.

நீ முழுகாமல் இருக்கிறாய் என்று சொன்னாயே, அந்தச் சமயத்திலேயே அம்மாவுக்குத் தொடங்கிவிட்டது. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு. வாயு என்றாள். அவளுக்கு உலகத்தில் உள்ள நோயெல்லாம் வாயுதான், எனக்கு முட்டி வலித்தாலும் வாயு, கடையில் டயர் வெடித்தாலும் வாயு. மருந்துக்கடைக்காரர் கொடுத்த பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஏப்பம் வந்தால் சரியாகிவிட்டது என்பாள், வராவிட்டால் நாளைக்கு வரும் என்பாள். ஒரு நாள் சாயங்காலம் அவளைக் கூட்டிவரக் காப்பகத்துக்குப் போனேன். எப்போதும் குழந்தையை வலது இடுப்பில் வைக்கிறவள் இடது இடுப்புக்கு மாற்றி வைத்திருந்தாள். உன்னையும் வலது இடுப்பில் சுமந்துதான் வளர்த்தாள். எனக்குச் சுரீர் என்றது, அவள் திட்டத் திட்ட மறுநாளே ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா பொறுமைசாலி. வைத்த இடத்திலேயே கருவியை வைத்து வைத்துப் பார்த்தார், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். திரையில் எனக்குத் தெரிந்தது மழை பெய்யும்போது பார்க்கிற ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒரு கலங்கல்தான். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘வீட்ல நாய் வளர்க்கிறீங்களா, இல்ல முன்ன எப்பவாவது வளர்த்திருக்கீங்களா?’ என்று கேட்டார். அம்மா படுத்தபடியே, ‘இல்லம்மா’ என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாயெல்லாம் வளர்த்ததே இல்லை என்று நானும் அடித்துச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை திரையைப் பார்த்துவிட்டு, பித்தப்பையில் கல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

படிக்கும்போதே உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். நாங்கள் பொய் சொல்லவில்லை கண்ணு. நீதான் நினைத்துப் பாரேன், நம் வீட்டில் யார் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, எல்லார் வீட்டிலும் தம்பி இருக்கிறான், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று சோறு தண்ணி இல்லாமல் அழுதாய். எங்களுக்கு உன்னோடு கொடுப்பினை தீர்ந்துவிட்டது, அதை உனக்கு எப்படிச் சொல்வது. கடைக்குப் பின்னால் பழைய டயருக்குள் சுருண்டு கிடந்த ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, இந்தா உன் தம்பி என்று கொடுத்தேன். விளையாட்டுக்குச் சொன்னது வீட்டுச் சட்டமாகிவிட்டது. யாராவது நாய் என்று சொன்னால் அன்றைக்குப் பாத்திரம் முழுவதையும் அவர்தான் கழுவ வேண்டும் என்று நீ அபராதம் போட்டாய், நான் எத்தனை நாள் கழுவியிருப்பேன், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்கூட உனக்குப் பயந்து ஒரு தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் ‘என் குடும்பம்’ என்ற கட்டுரையில் நாங்கள் நால்வர் என்று எழுதினாய். டீச்சர் கூப்பிட்டு விசாரித்தபோது, ஆமாம் டீச்சர், நாலு பேர்தான் என்று சொல்லிவிட்டு வந்தவள் உன் அம்மா.

உனக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய் என்று ஒரே கையால் ஊட்டுவாள். நீ வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு, அவன் உயிரோடு இருந்தவரை அவள் பேச்சுத் துணை அவன்தான். கடைசி மூச்சு விட்டதும் அவள் மடியில்தான். அதற்குள் எங்கள் நாக்கு முழுசாகப் பழகிவிட்டது. நாய் என்றால் தெருவில் இருப்பது, பால்காரரைத் துரத்துவது. நம் வீட்டில் இருந்தவன் தம்பி. அதனால்தான் அவர் கேட்டதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் இரண்டு பேரும் இல்லை என்றோம். வீட்டுக்கு வரும்போதும் அது எங்களுக்கு உறைக்கவில்லை, நாய்க்கும் பித்தப்பைக்கும் என்ன சம்பந்தம், இந்தக் காலத்து டாக்டர்கள் என்னவெல்லாமோ கேட்கிறார்கள் என்று பேசிக்கொண்டுதான் வந்தோம்.

கல்தானே, எங்கே ஓடிப்போகப் போகிறது, மகளுக்குப் பிரசவம் ஆகட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாள். உனக்காகத் தள்ளிப் போட்டாள் என்று நினைத்து அழாதே. அவளுக்குக் கத்தி என்றால் பயம், காதில் கம்மல் போடும் துளை தூர்ந்தபோது திரும்பக் குத்திக்கொள்ளவே இரண்டு வருஷம் யோசித்தவள், உன்னைச் சாக்கு வைத்தாள், அவ்வளவுதான். உன்னிடம் ஒன்றும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்புறம் போன் கேமரா கெட்டுப்போய்விட்டது, குரல் மட்டும்தான் கேட்கும் என்று உன்னிடம் சொன்னாளே, கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை. அவள் கண் மஞ்சளாகிவிட்டது. நீ பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தாள்.

மஞ்சள் காமாலை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே சின்ன டாக்டர் ஒருவர், உன் வயசுதான் இருக்கும், கட்டில் பக்கத்தில் நின்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை பிள்ளைகள் என்றார். ‘ரெண்டு, மூத்தவ பொண்ணு, இளையவன் தவறிட்டான்’ என்றாள் அம்மா. அவர் முகம் வாடிவிட்டது. எப்படிம்மா தவறினார் என்றார். வயசாகி என்றாள். எத்தனை வயசு என்றார். பதிமூணு என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, காமாலை மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அம்மா இது எந்த இடம், இன்னிக்கு என்ன கிழமை என்று குழந்தையிடம் கேட்பது போலக் கேட்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம், கிழமையையும் சொல்லி, உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் தொங்குதுன்னும் சொன்னாள். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அவ தெளிவாத்தான் இருக்கா டாக்டர், அந்தப் பையனுக்கு நாலு காலு’ என்றேன். அப்போதுகூட எனக்கு அந்த வார்த்தை வரவில்லை, பார்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எழுதிய காகிதத்தோடு பெரிய டாக்டரைத் தேடி ஓடினார். பெரிய டாக்டர் வந்து பழைய ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், புதிதாக ஒன்று எடுத்தார், ரத்தத்தில் தனியாக ஒரு சோதனைக்கு அனுப்பினார். கல்லே இல்லை கண்ணு. நாய் வயிற்றில் இருக்கிற ஒரு பூச்சி, அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் அதன் முடியிலும் வாயிலும் ஒட்டியிருக்குமாம், கைவழியாக நம் வயிற்றுக்குள் போனால் உள்ளே ஒரு நீர்க்கட்டியாக உட்கார்ந்து வருஷக்கணக்காக சத்தமில்லாமல் வளருமாம். ஆட்டின் பச்சைக் குடலையும் ஈரலையும் தின்கிற நாய்க்குத்தான் அது வருமாம். தம்பி சாயங்காலம் ஆனால் கறிக்கடைப் பின்பக்கம் போய் உட்கார்ந்திருப்பானே, கறிக்கடைக்காரர் பாசமாக வீசுவதைச் சாப்பிட்டுவிட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவானே, அங்கிருந்து வந்திருக்கிறது. சாதாரணமாக ஈரலில்தான் வருமாம், பித்தப்பைக்குள்ளேயே வருவது ரொம்ப அபூர்வம், பெரிய டாக்டரே பார்த்ததில்லையாம். படிக்கிற பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கூட்டிவந்து அம்மாவைக் காட்டினார், அம்மா தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நோய் தெரிந்தால் பாதி குணம் என்று அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். ‘கல்லைக் கண்டா நாயைக் காணோம்னு சொல்லுவாங்க, என் வயித்துக்குள்ள அதுவே நடந்திருக்கு பாருங்க’ என்று சொல்லிவிட்டு அம்மாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள், அன்றைக்கு அபராதம் அவளுக்கு. டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார், பெரிய வட்டம், அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள். பெரிய கட்டிக்குத் தாய்க்கட்டி என்று பேர், உள்ளே இருப்பவை மகள் கட்டிகள் என்றார். அம்மா அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். என் மகள் அவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று அழுதுகொண்டிருந்தேன், இங்கேயே இத்தனை மகள்கள் இருந்திருக்கிறார்களே என்றாள். டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

காமாலை கொஞ்சம் இறங்கியதும் பூச்சி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரம் மாத்திரை சாப்பிட்டு உள்ளே இருப்பது அடங்கிய பிறகுதான் கத்தி வைக்க வேண்டுமாம், அதுவரை கட்டி உடையக்கூடாது என்று டாக்டர் பத்துத் தடவை சொன்னார். எனக்கா தெரியாது, காற்று பிடித்த ட்யூபை எப்படிக் கையாள வேண்டும் என்று. அவளைக் குனியவிடவில்லை, ஒரு குடம் தூக்கவிடவில்லை. ஆனாலும் உடைந்துவிட்டது. ஒன்றும் செய்யவில்லை அவள், நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள், முகம் தடித்துச் சிவந்தது, மூச்சு விட முடியவில்லை. நான் கீரைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் ஆட்டோ பிடித்தார். உடனே அறுத்து, எல்லாவற்றையும் கழுவி எடுத்தார்கள். கண் விழித்தாள், பேசினாள், பிழைத்துவிட்டாள் என்றே நினைத்தோம். பிறகு காய்ச்சல் வந்தது, உள்ளே சீழ் பிடித்துவிட்டது என்றார்கள், அந்தக் காய்ச்சல் இறங்கவே இல்லை.

நீ நிறைமாதம், விமானத்தில் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார், நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா போவதற்கு முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அவகிட்ட நாய்னு சொல்லிடாதீங்க’ என்றாள். நான் பைத்தியக்காரன், இந்த நிலைமையிலும் நம் வீட்டுச் சட்டத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, சொன்னால் பாத்திரம் கழுவிட்டுப் போறேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. தம்பி வேண்டும் என்று கேட்டவள் நீ, அதை நினைத்து நீ ஆயுசுக்கும் குமைவாய் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பெரிய டாக்டரிடம் ஒரு நாள் தனியாகப் போய்க் கேட்டேன், முதல் ஸ்கேனிலேயே நாங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாளா என்று. அவர் என் தோளைத் தொட்டு, அப்படியெல்லாம் சொல்ல முடியாதுய்யா என்றார். அது பதிலா ஆறுதலா என்று எனக்கு இதுவரை தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். தம்பியைத் திட்டிப் பார்க்கலாம் என்று முயற்சி பண்ணினேன், வாய் வரவில்லை. அவனுக்கு என்ன தெரியும். ஆறு வயசில் ஆசைப்பட்ட உனக்குத்தான் என்ன தெரியும். அம்மா அவனோடு இருந்த வருஷங்களில் எவ்வளவு சிரித்தாள் என்று எனக்குத் தெரியும், அதைத் திருப்பிக் கொடு என்று யாரிடம் கேட்பது. நீ இதில் எதையும் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது, இது அப்பா சொல்கிற சொல்.

அப்படியிருக்க வாக்கை ஏன் மீறினேன் என்று கேட்பாய். நம் வீட்டில் அவனோடு இருந்த எல்லாரும் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எடுத்துவிட்டேன், எனக்கு ஒன்றும் இல்லை, சுத்தம். மிச்சம் இருப்பது நீதான். நீ அவனோடு ஒரே போர்வையில் தூங்கியவள், உன் தட்டில் அவனும் வாய் வைத்தவன். குழந்தைக்காக எடுத்த ஸ்கேனே போதும் என்று விட்டுவிடாதே, அது குழந்தையைப் பார்க்க எடுத்தது, ஈரலையும் பித்தப்பையையும் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். வலி இல்லையே என்று சும்மா இருக்காதே, அம்மாவுக்கும் பல வருஷம் வலி இல்லை. ஒன்றும் இருக்காது, இருந்தாலும் சின்னதிலேயே கண்டுபிடித்தால் பயமில்லை என்று டாக்டர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். மாத்திரை கொடுத்தால் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடு. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாதாம், அதையும் கேட்டுவிட்டேன், அதனால் குழந்தையைத் தூக்கவும் கொஞ்சவும் பயப்படாதே, அள்ளி அள்ளிக் கொஞ்சு, எங்கள் பங்குக்கும் சேர்த்து.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, கூடவே கூட்டிக்கொண்டு போ. இந்த வாரத்திலேயே போ. என் மகளும் பேத்தியும் நூறு வயசு வாழ வேண்டும், ஒரு குறையும் இல்லாமல், யார் கண்ணும் படாமல். அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், குழந்தையின் காதைப் பற்றி அவள் சொன்னதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

இன்னும் ஒன்று, இதை மட்டும் மறக்காதே. ஸ்கேன் அறையில் உன்னிடமும் கேட்பார்கள், வீட்டில் நாய் இருந்ததா என்று. உனக்கும் நம் வீட்டு நாக்குதான், தானாக இல்லை என்று வந்துவிடும். வரவிடாதே. இருந்தது, எங்கள் வீட்டில் நாய் இருந்தது என்று சொல். தம்பி கோபித்துக்கொள்ள மாட்டான். அந்த வார்த்தையைச் சொன்னதற்கு அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரம் முழுவதையும் நீயே கழுவிவிடு. நான் இன்றைக்குக் கழுவிவிட்டேன், அத்தைக்கு ஏன் என்று புரியவில்லை.

உன் அப்பா